ஒரே புழு, பதினோரு படம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க. "கொக்கு, நாரையெல்லாம் அசையாம நிக்குது, எடுத்துடுறோம். இந்தக் குட்டிப் பறவைங்க மட்டும் ஒரே ப்ளர். எப்படி எடுக்குறது?"

சொல்றேன். அதுக்கு முன்னாடி, நான் எடுத்ததிலேயே அதிகமா லைக் வாங்கின படத்தைப் பத்திப் பேசணும். அதை இப்போ இன்ஸ்டாவுல தேடினா கிடைக்காது. நானே தூக்கிட்டேன்.

படத்துல இருந்தது ஒரு தையல்சிட்டு. சென்னையில எந்த அபார்ட்மென்ட்ல இருந்தாலும் இதோட சத்தத்தைக் கேட்டிருப்பீங்க. "டுவீட், டுவீட், டுவீட்"னு, யாரோ அலாரத்தை அணைக்காம விட்ட மாதிரி. சத்தம்தான் பெரிசு. எடை சுமார் ரெண்டு ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். செம்பழுப்புத் தலை, பச்சை முதுகு, நிமிர்ந்து நிக்கிற வால். இலையோட ஓரத்துல அலகால ஓட்டை போட்டு, பஞ்சு இழை, சிலந்தி நூல் எல்லாம் வச்சுத் தைச்சு, அந்தப் பைக்குள்ள கூடு கட்டும். பேரே அதனாலதான்.

ஒரு ஜூலை மாசம். எங்க காம்பவுண்டு ஓரத்துல ஒரு நந்தியாவட்டைப் புதர். காலையில கேமராவோட போய் அதுக்குப் பக்கத்துல நின்னேன். எட்டு அடி தூரம் இருக்கும். சிட்டு வெளிய வந்து கொம்புல உட்கார்ந்துச்சு. வாயில பச்சைப் புழு. வாலை ஆட்டிக்கிட்டே கத்துது. பறக்குது, திரும்ப அதே கொம்புக்கு வருது. எனக்கு ஒரே சந்தோஷம். 'பாருடா, நமக்காகவே போஸ் கொடுக்குது'ன்னு நினைச்சேன். "காலைப் பாட்டு"ன்னு கேப்ஷன் போட்டு ஏத்திட்டேன்.

அடுத்த ஞாயிறு பறவை பார்க்கப் போனப்போ, எங்க குழுவுல இருக்கிற ஒரு அக்காகிட்ட மொத்த ஃபோல்டரையும் பெருமையாக் காட்டினேன். அவங்க வரிசையாத் தள்ளிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "தம்பி, எல்லாப் படத்துலயும் அதே புழுதானே?"

பெரிசாக்கிப் பார்த்தேன். பதினோரு படம். ஒரே புழு. முதல் படத்தோட நேரம் 6.52, கடைசிப் படம் 7.14. இருபத்திரெண்டு நிமிஷம்!

அது பாடல. எச்சரிக்கைக் குரல் கொடுத்திருக்கு. கூடு அந்தப் புதர்லயேதான் இருந்திருக்கு. நான் நின்னதால உள்ள போகவும் முடியல, குஞ்சுகளை விட்டுட்டுப் போகவும் மனசில்ல. கண்ணு திறக்காத குஞ்சுங்களுக்குப் பகல் முழுக்கச் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தீனி வேணும். அதுல இருபத்திரெண்டு நிமிஷத்தை ஒரு போட்டோவுக்காக நான் எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணும் அக்கா சொன்னாங்க. "நீ நிக்கிற இடத்தைக் காக்காவும் செம்போத்தும் பார்த்துக்கிட்டுதான் இருக்கும்." கூடு எங்கேன்னு நாமளே காட்டிக் கொடுத்த மாதிரி.

அடுத்த நாள் கேமராவை எடுக்கல. முதல் மாடி பால்கனியில உட்கார்ந்து பைனாகுலர்ல பார்த்தேன். கொஞ்ச நேரத்துல சிட்டு வந்துச்சு, நேரா இலைக்குள்ள போச்சு, வெறும் வாயோட வெளிய வந்துச்சு. அப்போதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

சரி, உங்க கேள்விக்கு வரேன். நான் இப்போ எப்படி எடுக்குறேன்?

முதல் நாள் கேமரா வேண்டாம், காது போதும். மெர்லின் ஆப் இருந்தா சத்தத்தை வச்சே பேரைச் சொல்லிடும். சின்னப் பறவைகளுக்குப் பிடிச்ச கொம்புன்னு ஒண்ணு இருக்கும், திரும்பத் திரும்ப அங்கேயே வரும். அதைக் கண்டுபிடிங்க. மறுநாள் சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி, தள்ளி உட்காருங்க. நிக்காதீங்க. பறவையோட கண் உயரத்துக்கு லென்ஸ் வந்தா படமே மாறிடும். அந்தக் கொம்புல முன்கூட்டியே ஃபோகஸ் பண்ணி வச்சுக்கோங்க. ஷட்டர் 1/1000க்குக் குறைய வேண்டாம், ஐஎஸ்ஓவை ஆட்டோவுல விடுங்க. கொஞ்சம் க்ரெயின் வந்தா பரவாயில்ல, ப்ளரைத்தான் சரி பண்ண முடியாது. 300 எம்எம் லென்ஸ்ல பறவை சின்னதாத்தான் தெரியும். தெரியட்டுமே. சுத்தி இருக்கிற இலையும் பூவும் சேர்ந்ததுதானே அதோட வீடு.

செய்யக்கூடாதது மூணு. ஃபோன்ல அதோட குரலைப் போட்டுக் கூப்பிடாதீங்க. வேற பறவை எல்லைக்குள்ள வந்துடுச்சுன்னு நினைச்சுச் சண்டைக்கு வரும், வேலை கெடும். மறைக்குதுன்னு ஒரு இலையைக்கூட ஒடிக்காதீங்க, அந்த இலைதான் கூட்டுக்கு நிழலும் மறைவும். வாயில தீனியோட ஒரு பறவை உங்க முன்னாடி உட்கார்ந்து கத்துதுன்னா, கேமராவை இறக்கிட்டுப் பின்னாடி போயிடுங்க. எவ்வளவு நல்ல வெளிச்சமா இருந்தாலும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. உங்க பழைய படங்களைத் திறந்து, ஒவ்வொண்ணோட நேரத்தையும் பாருங்க. ஒரே பறவை முன்னாடி எவ்வளவு நேரம் நின்னிருக்கீங்க, அதோட வாயில என்ன இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. திட்ட மாட்டேன். அந்தப் பதினோரு படமும் இன்னும் என் லேப்டாப்ல இருக்கு.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.