சாவைப் பற்றி வீட்டில் பேசுவோம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்ன பேசப்போகிறேன் என்று சொன்னதுமே இரண்டு பேர் என்னைத் தனியாக அழைத்தார்கள். "நல்ல விஷயமா ஏதாவது பேசக்கூடாதா சார்?" என்றார் ஒருவர். "விளக்கு வைக்கிற நேரத்துல இந்தப் பேச்சு எதுக்குங்க?" என்றார் மூன்றாம் மாடி அம்மா. அவர்கள் கேட்டதில் தவறில்லை. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று நம் முன்னோர் நினைத்ததாகத் தெரியவில்லை. திருக்குறளில் நிலையாமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நாலடியாரில் முதல் மூன்று அதிகாரங்கள் எவை தெரியுமா? செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை. வாழும் முறையைச் சொல்ல வந்த ஒரு நூல், எல்லாம் ஒருநாள் முடியும் என்பதிலிருந்தே தொடங்குகிறது. முடிவு உண்டு என்று தெரிந்தவன்தான் இன்றைய நாளை ஒழுங்காகச் செலவு செய்வான் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

நாம் இருக்கும் இடமும் இதையே சொல்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டைக்குப் போகாதவர் இங்கே குறைவு. ஒரு காலத்தில் துறைமுகமாக இருந்த இடம். 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இன்று இடிந்த சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தக் கரையோர மீனவர் குப்பங்களிலும் கல்பாக்கத்திலும் அன்று என்ன நடந்தது என்பதை இங்கே பலர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். யாரும் அன்றைக்கென்று நாள் குறித்து வைத்திருக்கவில்லை.

ஆனால் கோட்டையும் கடலும் நம்மைக் கொஞ்ச நேரம்தான் யோசிக்க வைக்கின்றன. வீட்டுக்கு வந்து டிவி போட்டால் மறந்துவிடுகிறோம். மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். அது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது.

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தில் டாக்டர் தம்பதி அசோகன், புஷ்பாஞ்சலி. அவர்களுடைய மகன் ஹிதேந்திரனுக்கு 15 வயது. மோட்டார் சைக்கிளில் போனபோது விபத்து. தலையில் பலத்த அடி. சென்னையில் சிகிச்சை அளித்தும் மூளைச்சாவு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெற்றோர் மகனுடைய உறுப்புகளைத் தானம் செய்தார்கள். இதயம் ஒரு சிறுமிக்குப் போக வேண்டும். அவள் இருந்த மருத்துவமனை முகப்பேரில். போக்குவரத்துக் காவல்துறை வழியெல்லாம் சிக்னலை நிறுத்தி வழிவிட, 11 நிமிடத்தில் அந்த இதயம் போய்ச் சேர்ந்தது. சென்னைப் போக்குவரத்து தெரிந்தவர்களுக்கு அந்த 11 நிமிடத்தின் அருமை புரியும்.

அந்த வண்டி ஓடிய வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதற்கு முந்தைய நேரம்தான் பெரிதாகப் படுகிறது. மூளைச்சாவு என்றால் என்ன? மூளைத்தண்டு செயலிழந்துவிட்டது, இனி திரும்பாது. சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் தாய்க்கு எப்படித் தெரியும்? வென்டிலேட்டரால் நெஞ்சு ஏறி இறங்கும். கை சூடாக இருக்கும். தூங்குகிற மாதிரி இருக்கும். அந்த நிலையில், இரண்டு பேரும் மருத்துவர்களாக இருந்ததால் நிலைமை புரிந்திருக்கலாம். ஆனால் புரிவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு.

அதன் பிறகு தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பற்றி வீடுதோறும் பேச்சு வந்தது. உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் வேலையை இப்போது தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் பார்க்கிறது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 செப்டம்பர் 23இல் அறிவித்தார். ஒரு குடும்பம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்த முடிவு எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.

இதில் நமக்கு வேலை இருக்கிறது. நீங்கள் தான அட்டையில் கையெழுத்துப் போட்டு பர்ஸில் வைத்திருந்தாலும், கடைசியில் மருத்துவமனை உங்கள் குடும்பத்தைத்தான் கேட்கும். அவர்கள் சம்மதித்தால்தான் நடக்கும். அப்போது உங்கள் மனைவியோ மகனோ, "அவர் இதைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லையே" என்று நிற்கக் கூடாது. வேண்டாம் என்பதும் உங்கள் உரிமைதான். எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். கண் தானத்துக்கு மூளைச்சாவு அடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் இயற்கையாக இறந்தவர்களின் கண்களையும் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் பயன்படும். அந்த ஆறு மணி நேரத்தில் யாராவது ஒருவருக்கு ஞாபகம் வர வேண்டும். முன்பே பேசியிருந்தால்தான் வரும்.

இன்னொன்று, என் வேலை சம்பந்தப்பட்டது. கணவர் இறந்து பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு பையில் எல்லாக் காகிதங்களையும் போட்டுக்கொண்டு வங்கிக்கு வரும் பெண்களை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். எந்தக் கிளையில் கணக்கு, லாக்கர் உண்டா, இன்ஷூரன்ஸ் எங்கே, எதுவும் தெரியாது. அழுவதற்குக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது. தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடப்பார்கள். பாசமான கணவர்கள்தான். பேசாமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் சில விவரங்களைச் சொல்கிறேன். நாமினி போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான். அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. யாருக்கு என்ன என்று தெளிவாக இருக்க வேண்டுமானால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட, அவர்களும் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சொத்துப் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

இதெல்லாம் காகித வேலை, இதற்கும் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. உயில் எழுத உட்கார்ந்து பாருங்கள். யார் யார் நமக்கு முக்கியம் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பட்டியலில் இருப்பவரோடு கடைசியாக எப்போது நிதானமாகப் பேசினோம் என்ற கேள்வியும் கூடவே வரும்.

ஒரு சின்னக் கணக்கு. ஊரில் அம்மா இருக்கிறார், வயது 75. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகிறோம். இன்னும் பத்து வருஷம் அவர் நன்றாக இருந்தாலும் நாம் அவரைப் பார்க்கப்போவது இருபது தடவை. அந்த இருபதில் ஒவ்வொரு தடவையும் பாதி நேரம் மொபைலைத்தான் பார்க்கப்போகிறோமா? இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நானும் என் தங்கையும் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். சண்டை போடுகிறோம், ஆனாலும் சந்திக்கிறோம்.

மரணத்தை நினைப்பது என்றால் பயந்து நடுங்குவதல்ல. ஈ.சி.ஆரில் ஹெல்மெட் போட்டு ஓட்டுவதும் அதில் சேர்த்திதான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை கையில் வண்டிச் சாவியைக் கொடுக்காததும் அப்படித்தான். கோபித்துக்கொண்டு பேசாமல் தூங்கப் போகாமல் இருப்பதும் அதுவே. ஆனால் யாருக்காவது இந்த நினைப்பு பாரமாக அழுத்திக்கொண்டே இருந்தால், வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால், தனியாகச் சுமக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். 104 அல்லது 14416 எண்ணுக்குப் பேசுங்கள்.

கடைசியாக நம் குடியிருப்புக்கு ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு நம்மில் தனியாக இருந்த ஒரு பெரியவர் இரவில் இறந்துபோனார். மகள் வெளிநாட்டில். அவருடைய நம்பர் யாரிடமும் இல்லை. பூட்டிய போனை வைத்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். வாட்ஸ்ஆப் குழுவில் இருநூறு பேர் இருக்கிறோம், ஒரு நம்பர் இல்லை. அதனால் ஒரு பக்கப் படிவம் தயார் செய்திருக்கிறோம். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இரண்டு பேர், சாப்பிடும் மருந்து, ரத்த வகை, கண் தானத்தில் விருப்பம் உண்டா இல்லையா. அவ்வளவுதான். கட்டாயமில்லை. ஒட்டிய உறையில் வைத்து அலுவலகத்தில் கொடுங்கள், அவசரம் என்றால் மட்டுமே பிரிப்போம்.

படிவத்தை நிரப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் தனியாக நிரப்பாதீர்கள். இன்று இரவு சாப்பிட்ட பிறகு வீட்டிலுள்ள எல்லோரும் உட்கார்ந்து, பேசிக்கொண்டே நிரப்புங்கள். மூன்றாம் மாடி அம்மா சொன்னபடி விளக்கு வைக்கிற நேரம் வேண்டாம் என்றால், காலையில் காபி குடிக்கும்போது பேசுங்கள்.