அங்கதமும் வெள்ளைக்கொடியும்



போர் கண்ணீருக்குரியது. அதனை நகைப்புக்குரியதாக ஆக்கலாமா என்னும் வினா, தொலைக்காட்சி நகைச்சுவை வீடுதோறும் புகுந்தபின் வலுப்பெற்றுள்ளது. இதற்கான விடை தமிழ் மரபிலேயே உண்டு. அங்கதத்தை, வெளிப்படக் கூறும் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துக் கூறும் பழிகரப்பு அங்கதம் என்றும் இருவகைப்படுத்தியவர் தொல்காப்பியர். பின்னதற்குச் சிறந்த சான்று, போரைத் தவிர்க்கச் சென்ற ஒரு தூதிலேயே கிடைக்கிறது.

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டார். பீலி அணிந்து, நெய் பூசப்பட்டு, காவலுடன் விளங்கிய அக்கருவிகளைப் பாராட்டினார். அதியமானின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சி போல ஒலித்த அச்சொற்களுக்குள், 'நீ போரறியாதவன்' என்னும் இகழ்ச்சி இருந்தது.

1986இல் பிரிட்டனில் ஒளிபரப்பான 'எஸ், பிரைம் மினிஸ்டர்' தொடரின் முதற்பகுதி, அத்தகைய கொட்டிலொன்றை இருபதாம் நூற்றாண்டு மனிதனுக்குத் திறந்து காட்டியது. புதிதாகப் பதவியேற்ற பிரதமரிடம் அறிவியல் ஆலோசகர் வினவுகிறார்: எதிரி இவ்வளவு முன்னேறினால் அணுகுண்டுப் பொத்தானை அழுத்துவீரா? இன்னும் சற்று முன்னேறினால்? எந்தப் படியிலும் பிரதமரால் உறுதி கூற இயலவில்லை. கோடிகளைக் கொட்டிக் காக்கப்படும் ஆயுதம், நெய் பூசிய வேலாகி நிற்கிறது. அங்கே நகைப்புக்கு இலக்கானவர் ஆள்பவர். மடியப்போகும் மக்கள் அல்லர்.

இவ்வூரை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியின் வரலாறும் இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. 1798இல் கலெக்டர் ஜாக்சன், தம்மைக் காண வந்த கட்டபொம்மனைக் குற்றாலம் தொடங்கி இராமநாதபுரம் வரை ஊர் ஊராக அலையவைத்தார். அங்கே நிகழ்ந்த சந்திப்பும் கைகலப்பில் முடிந்தது. ஜாக்சன் பின்னர்ப் பதவி இழந்தார். ஆயினும் 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டை 1801இல் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. இன்று காண்பது 1974இல் கட்டிய நினைவுக்கோட்டையே. அதிகாரியின் அந்த அலைக்கழிப்பை எள்ளலாம்; கயத்தாற்றுத் தூக்குமரத்தை எள்ளலாகாது.

சிம்புதேவன் இயக்கத்தில் 2006இல் வெளிவந்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' திரைப்படம் இந்த எல்லையை உணர்ந்தே எழுந்தது. பகைவர் படை வந்ததும் வெள்ளைக்கொடி காட்டும் மன்னனாக வடிவேலு சிரிக்கவைத்தார். அம்மன்னன் தாய்மாமனின் கைப்பாவை, ஆங்கிலேயருக்கு இணங்கிப்போகிறவன், அயல்நாட்டுக் குளிர்பானத்திற்கு நாட்டைத் திறந்துவிடுகிறவன். எனவே அக்கொடி அமைதியின் சின்னமன்று, அடிமைத்தனத்தின் சின்னம். படம் எள்ளியதும் அதனையே.

ஆனால் தொலைக்காட்சியின் நகைச்சுவை அலைவரிசைகள் அக்காட்சியைத் துண்டாக வெட்டி மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. தாய்மாமனும் ஆங்கிலேயரும் குளிர்பானமும் உதிர்ந்துவிட, கொடி மட்டுமே எஞ்சுகிறது. அடிமைத்தனத்தை எள்ளிய நகைச்சுவை, சமாதானம் கேட்பவனை எள்ளும் நகைச்சுவையாக மாறிவிடுகிறது. 'போர் வேண்டாம்' என்பவன் கோழை என்னும் எண்ணம், ஓசையின்றி வீட்டுக்குள் வந்து அமர்கிறது. மன்னார் வளைகுடாவிற்கு அப்பால் 2009 வரை நீண்ட போரின் துயரை அறிந்த இக்கரையில், அது சிறு தீங்கன்று.

சமாதானம் கேட்பது கோழைமை அன்று என்பதற்குக் கோவூர் கிழாரே சான்று. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும், உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளியிடமும் அவர் சொன்னது இதுதான்: இருவரும் சூடியிருப்பது ஆத்தி மாலையே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே. உடன்பிறப்புப் போரின் அபத்தத்தை இதனினும் கூர்மையாக எள்ள இயலாது. வாளேந்திய இருவர் நடுவே வெறுங்கையுடன் நின்று இதனைச் சொன்ன புலவரைக் கோழை என்பார் உண்டோ?

கவிஞர் பெருமக்களே, நாளை உங்களுள் ஒருவர் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுத நேரலாம். துண்டாக வெட்டப்பட்டாலும் திசைமாறாத அங்கதத்தை அவர் எழுதவேண்டும். ஒவ்வொரு காட்சியிலும், எள்ளப்படுபவன் யார், அவன் எதனால் எள்ளப்படுகிறான் என்பது விளங்கவேண்டும். ஔவையும் கோவூர் கிழாரும் சிலவே அடிகளில் அதனைச் செய்து காட்டினர். அந்த மரபு இவ்வட்டத்தின் பேனாக்களிலும் தொடர்க.