ஒரு ஊசலும் நான்கு ஆண்டுகளும்: பௌதிகவியல் பட்டப்படிப்பில் நாங்கள் கற்றவை

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்கு செய்த கருத்துரை நிகழ்வில், பௌதிகவியல் பட்டதாரிகளான பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இந்தக் கல்லூரியில் கணிதப் பிரிவில் படித்து, வெவ்வேறு ஆண்டுகளில் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ப் பௌதிகவியலில் பட்டம் பெற்றவர்கள் நாங்கள். எங்களுள் ஆசிரியைகள் உண்டு. கணினித் துறையில் இருப்பவர்கள் உண்டு. வங்கியில் வேலை செய்பவர்களும் உண்டு. விழாக் குழுவினர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "பௌதிகவியல் பட்டப்படிப்பில் உண்மையில் என்னதான் படிப்பிக்கிறார்கள்? எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லுங்கள்."

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதியதல்ல. பல்கலைக்கழக அனுமதி கிடைத்த நாளிலிருந்து இதை நாங்கள் கேட்டு வருகிறோம். "பௌதிகம் படிச்சு என்ன பிள்ளை செய்யப் போறாய்?" என்று பெரியம்மாமார் கேட்டார்கள். "பொறியியல் பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாமல் போச்சுதோ?" என்று அயலவர்கள் அனுதாபப்பட்டார்கள். விஞ்ஞான பீடம் கிடைத்த பிள்ளை வீட்டில் இனிப்புக் கொடுக்கவில்லை. இன்னொரு தரம் சோதனை எடுக்கலாமா என்றுதான் யோசித்தாள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். முதலாம் ஆண்டில் பௌதிகவியலோடு கணிதம், இரசாயனம், கணினி விஞ்ஞானம் போன்ற வேறு பாடங்களும் சேர்ந்திருக்கும். மூன்று ஆண்டுகளில் பொதுப் பட்டம். பெறுபேறு நன்றாக இருந்து தெரிவு செய்யப்பட்டால் நான்கு ஆண்டுகளில் சிறப்புப் பட்டம். பொறிமுறை, அலைகள், ஒளியியல், வெப்பம், மின்காந்தவியல், இலத்திரனியல், குவாண்டம் பொறிமுறை, சார்பியல், கருப் பௌதிகம், திண்மநிலைப் பௌதிகம் என்று பாடங்களின் பெயர்கள் நீளும். பெயர்ப் பட்டியலால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஆகவே, உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அது ஊசல். சித்திரை வருடப்பிறப்புக்கு மரக்கிளையில் கட்டிய ஊஞ்சலும் ஒரு ஊசல்தான்.

உயர்தர வகுப்பில் நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அலைவுகாலம் அளந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணித்தோம். விடை என்ன வரவேண்டும் என்பது எங்களுக்கு முன்னரே தெரியும். 9.8 வந்தால் சரி. வராவிட்டால் வரப்பண்ணினால் சரி! பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலும் முதல் மாதங்களில் அதே ஊசல்தான். ஆனால் அங்கே கேட்ட கேள்வி வேறு: "உன் விடையை நீ எவ்வளவுக்கு நம்பலாம்?"

நூலின் நீளம் 1 மீற்றர், அதில் 1 மில்லிமீற்றர் ஐயம் என்று வையுங்கள். 50 அலைவுகளுக்கு 100.4 செக்கன், அதில் 0.2 செக்கன் ஐயம். கணக்கிட்டால் விடை 9.79, அதன் நிச்சயமின்மை கூட்டியோ குறைத்தோ 0.04. அதாவது உண்மையான பெறுமானம் பெரும்பாலும் 9.75க்கும் 9.83க்கும் இடையில் இருக்கும் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு தசமதானம் எழுதினாலும் அது பொய். இதைக் கற்றுக்கொள்வதற்கே ஒரு ஆண்டு போகிறது. ஒரு எண்ணைச் சொன்னால் அதன் ஐயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற பழக்கம், பட்டம் தந்த முதல் செல்வம்.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. பாடப்புத்தகங்களில் நாம் காணும் 9.81 என்பது இலண்டன் பக்கத்துப் பெறுமானம். இலங்கை மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதாலும், பூமி சுழல்வதாலும், அதன் நடுப்பகுதி சற்றே புடைத்திருப்பதாலும், இங்கே கடல் மட்டத்தில் அது ஏறத்தாழ 9.78. மேற்சொன்ன அளவீட்டால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. 1 மீற்றர் ஊசல் நூறு தரம் அலைய இங்கே ஏறத்தாழ 200.9 செக்கன், இலண்டனில் 200.6 செக்கன். வித்தியாசம் 0.3 செக்கன் மட்டுமே. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் இன்னும் கூடிய அலைவுகளை எண்ண வேண்டும். நீளத்தை இன்னும் நுட்பமாக அளக்க வேண்டும். வீச்சத்தையும் கவனிக்க வேண்டும். "சிறிய வீச்சம்" என்று பள்ளியில் சொன்னார்கள். எவ்வளவு சிறியது? 10 பாகைக்கு இழுத்து விட்டால் அலைவுகாலம் ஏறத்தாழ 0.2 சதவீதம் கூடிவிடும். அது நாங்கள் தேடும் வித்தியாசத்தை விடப் பெரியது. பூமி முழு உருண்டை அல்ல என்பதை ஒரு நூலையும் ஒரு குண்டையும் பொறுமையையும் கொண்டு காணலாம் என்று அறிந்தபோது, ஆய்வுகூடம் எங்களுக்குப் புள்ளி எடுக்கும் இடமாக இருந்தது போய், கண் திறக்கும் இடமாயிற்று.

இரண்டாம் ஆண்டில் கணிதம் வந்து சேர்ந்தது. ஊசலின் இயக்கத்தை ஒரு வகையீட்டுச் சமன்பாடாக எழுதுகிறோம். சில வாரங்களுக்குப் பின், கொள்ளளவியும் தூண்டற்சுருளும் சேர்ந்த மின்சுற்றுக்குச் சமன்பாடு எழுதினால், அதே சமன்பாடு! எழுத்துகள் மட்டும் வேறு. குண்டு ஆடுவது போல அங்கே ஏற்றம் ஆடுகிறது. வானொலியில் ஒரு நிலையத்தைப் பிடிப்பதும், ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளி உயர ஏற்றுவதும் ஒரே விடயம் என்று அப்போது விளங்கிற்று. ஒன்றை ஆழமாகப் படித்தால் பத்து விடயம் திறக்கும் என்பதைக் கணிதம் எங்களுக்குக் கையில் பிடித்துக் காட்டியது.

அதே காலத்தில்தான் மக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளையும் படிக்கிறோம். மின் பரிசோதனையில் ஒரு மாறிலி, காந்தப் பரிசோதனையில் ஒரு மாறிலி. இரண்டையும் சமன்பாடுகள் சொல்லும் விதமாகச் சேர்த்தால் ஒரு வேகம் வருகிறது: செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். அது ஒளியின் வேகம். விளக்கையே ஏற்றாமல் ஒளி என்னவென்று கண்டுபிடித்த கதை அது. கரும்பலகையில் கடைசி வரி எழுதப்பட்டபோது விரிவுரை மண்டபம் அமைதியாக இருந்ததை எங்களுள் எவரும் மறக்கவில்லை.

வெப்பவியக்கவியல் வேறொரு பாடத்தைச் சொன்னது: எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. 800 கெல்வின் வெப்பநிலையில் நீராவியை எடுத்து, 300 கெல்வின் சுற்றாடலுக்கு வெப்பத்தை விடும் எந்த இயந்திரமும் 62.5 சதவீதத்துக்கு மேல் வேலையாக்க முடியாது. எவ்வளவு கெட்டித்தனமான பொறியியலாளர் கட்டினாலும் முடியாது. நுரைச்சோலை அனல் மின்நிலையம் ஏன் கடல்நீரை எடுத்துச் சூடாக்கித் திருப்பி விடுகிறது என்பதற்குக் காரணம் இந்த விதிதான்.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் ஊசல் மீண்டும் வருகிறது. இம்முறை அணு அளவில். குவாண்டம் பொறிமுறைப்படி அந்த ஊசல் எந்தச் சக்தியையும் விரும்பியபடி வைத்திருக்க முடியாது. படிப்படியாகத்தான் ஏற முடியும். அதன் ஆகக் குறைந்த படியும் பூச்சியம் அல்ல. அது ஒருபோதும் முற்றாக ஓயாது. எங்கள் ஊஞ்சலிலும் இந்தப் படிகள் உண்டு, ஆனால் கண்டறிய முடியாத அளவுக்கு நுண்ணியவை. காபனீரொட்சைட்டு மூலக்கூறின் அதிர்வில் அவை தெளிவாகத் தெரிகின்றன. அந்த அதிர்வுகளே பூமியிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்களை உறிஞ்சிக் கொள்கின்றன. உலகம் சூடாவதைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கும்போது, அதன் அடியில் ஒரு சின்ன ஊசல் ஆடுவது எங்களுக்குத் தெரிகிறது.

கணினி வகுப்பில் அதே ஊசலைப் பலமாகத் தள்ளிப் பார்த்தோம். மிகச் சிறிய வித்தியாசத்தோடு தொடங்கிய இரண்டு ஊசல்கள் சிறிது நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஆடின. எட்வேட் லொரன்ஸ் 1963இல் வானிலைச் சமன்பாடுகளில் கண்டது இதைத்தான். விதி தெரிந்தாலும் எதிர்காலம் முழுதாகத் தெரியாது. மழை பற்றிய எதிர்வுகூறல் சில நாட்களுக்கு மேல் தடுமாறுவது அதனால்தான்.

கருப் பௌதிகத்தில் கைகர் எண்ணியின் முன் அமர்ந்து கதிர்களை எண்ணினோம். 100 எண்ணினால் 10 ஐயம். 10,000 எண்ணினால் 100 ஐயம், அதாவது 1 சதவீதம். இந்தத் துறைக்கும் எங்கள் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையில் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்த காலத்தில், 1904இல், இங்கே கண்டெடுத்த கனிப்பொருள்தான் தோரியனைற்று. இலங்கையிலிருந்து போன அந்தக் கனிப்பொருளை வைத்து 1905இல் இலண்டனில் ஒட்டோ ஹான் ஒரு புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டறிந்தார். தமிழ்த் தந்தையின் பிள்ளை எடுத்துக் கொடுத்த கல் அது.

எங்களுக்கு முன் நடந்தவர்களையும் நினைக்க வேண்டும். பேராசிரியர் ஏ. டபிள்யூ. மயில்வாகனம் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்தார். கணிதப் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் கேம்பிரிச்சில் போல் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். ஆனால் பெண்கள் என்று பார்த்தால் உலகிலேயே வரிசை சிறியது. பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற பெண்கள் 1903 முதல் 2023 வரை ஐந்து பேர் மட்டுமே: மேரி கியூரி, மரியா கெப்பேட் மேயர், டொனா ஸ்ரிக்லண்ட், அன்ட்ரியா கெஸ், ஆன் லுவிலியே. மேரி கியூரிக்கும் அடுத்தவருக்கும் இடையில் 60 ஆண்டுகள். பெண் பிள்ளைகளுக்கு மூளை போதாமல் போனதால் வந்த இடைவெளி அல்ல இது. கதவுகள் பூட்டியிருந்தன. ஒரு பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

கஷ்டங்களையும் மறைக்க மாட்டோம். தமிழில் படித்து வந்த எங்களுக்கு விரிவுரைகள் ஆங்கிலத்தில். சடத்துவத் திருப்பமும் தலையீடும் நன்றாகத் தெரிந்திருந்தும், அவற்றின் ஆங்கிலப் பெயர் தெரியாமல் விழித்தோம். கொப்பியின் ஒரு பக்கத்தில் தமிழ், மறுபக்கத்தில் ஆங்கிலம் என்று எழுதி எழுதித்தான் தேறினோம். எங்கள் மூத்த அக்காமாரின் நிலை இன்னும் கடினம். 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் மின்காந்தவியல் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, தைனமோவில் வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! பரடேயின் விதியை அந்தத் தலைமுறைக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. கை வலித்தே கற்றார்கள்.

சரி, "என்ன செய்யப் போறாய்?" என்ற கேள்விக்கு வருவோம். பௌதிகவியல் பட்டதாரிகள் பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள், கதிர்ச்சிகிச்சை அளிக்கும் வைத்தியசாலைகளில் கதிரின் அளவைக் கணிக்கிறார்கள், வானிலை அவதானிக்கிறார்கள், மென்பொருள் எழுதுகிறார்கள், வெளிநாடுகளில் ஆய்வு செய்கிறார்கள். ஆனால் வேலையின் பெயரை விட முக்கியமான ஒன்று உண்டு. விடை தெரியாத கணக்கோடு மூன்று நாள் இருக்கப் பழகியிருக்கிறோம். யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், "எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்கப் பழகியிருக்கிறோம். ஒரு மருந்து விளம்பரத்தின் முன்னும், ஒரு வங்கிக் கடன் பத்திரத்தின் முன்னும் அந்தக் கேள்வி எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

முடிவாக, நூற்றாண்டை முன்னிட்டு மூன்று வேண்டுகோள்கள். பெற்றோருக்கு: விஞ்ஞான பீடம் கிடைத்த பிள்ளையிடம் அனுதாபம் தெரிவிக்காதீர்கள், வாழ்த்துங்கள். உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகளுக்கு: கல்லூரிக்கு எதையாவது அனுப்ப நினைக்கும்போது, முதலில் பௌதிக ஆய்வுகூடத்தில் எது பழுதாகிக் கிடக்கிறது என்று ஆசிரியையிடம் கேளுங்கள். ஒரு நல்ல நிறுத்தற்கடிகாரமும் வேலை செய்யும் வோல்ற்றுமானியும் பெரிய திரையை விடப் பிள்ளைகளுக்கு உதவும். பணம் அனுப்ப முடியாதவர்கள் கிழமையில் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் ஒரு தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நாங்கள் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டோம். உயர்தரப் பிள்ளைகளுக்கு: வீட்டுக்குப் போய் 1 மீற்றர் நூலில் ஒரு கல்லைக் கட்டி, மெதுவாக ஆடவிட்டு, நூறு அலைவுகளை எண்ணுங்கள். வந்த விடையைத் திருத்தாமல் எழுதுங்கள். அதன் பக்கத்தில் உங்கள் ஐயத்தையும் எழுதுங்கள். அந்த வரியை எழுதிய அன்றைக்கே நீங்கள் பௌதிகவியல் மாணவிகள்.