எந்த நாட்டில் வாழ்வு நலம்?

(சுங்காய் வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

காலையில் பெரட்டு கலைந்த பிறகு ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, சிலோன் தோட்டத்தில் இருக்கிற நம் ஆட்கள் நம்மைவிட நன்றாக இருக்கிறார்களா?" நல்ல கேள்வி. அதற்கே இன்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

என் பாட்டனாரும் அவர் தம்பியும் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு கூரையின் கீழ்ப் பிறந்தவர்கள். அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இந்தச் சுங்காய்ப் பக்கம் வந்து பால்மரம் வெட்டினார். தம்பி மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, தலைமன்னார் வழியாக மலைநாடு சேர்ந்து, தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினார். இருவரையும் கூட்டிப் போனவர்கள் கங்காணிகளே. இருவருக்கும் கிடைத்தது லயத்தில் ஓர் அறையே.

முதலில் கூலிக் கணக்கைப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். இலங்கையில் 2024-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர்தான். சேமநிதிக்கு இங்கே நம் பங்கு நூற்றுக்கு 11, முதலாளி பங்கு 13. அங்கே தொழிலாளி 8, முதலாளி 12. தலைக்கு இத்தனை என்று தேச வருமானத்தைப் பங்கிட்டால் நம் நாடு ஏறக்குறைய மூன்று மடங்கு மேல். கைக்காசில் நாம் முன்னே நிற்கிறோம். இதில் சந்தேகமில்லை.

ஆனால், தோழர்களே, கைக்காசு மட்டுமே வாழ்வாகிவிடுமா? வருமானம் மூன்றில் ஒன்றாக இருந்தும், ஆயுளில் இலங்கை மக்கள் நமக்குக் குறைந்தவர்கள் அல்லர். இரு நாட்டிலும் சராசரி ஆயுள் 75-ஐத் தாண்டிவிட்டது. இலவசப் பள்ளியும் இலவச ஆஸ்பத்திரியும் அங்கே செய்த வேலை அது. ஆனால் அது நாட்டின் கணக்கு, லயத்தின் கணக்கு அல்ல. மலைநாட்டு லயங்கள் அந்த நலத்தில் பின்தங்கியே நின்றன. நாட்டுச் சராசரியில் தொழிலாளியின் முகம் தெரியாது.

அடுத்து, குடியுரிமை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று மனிதரைப் பங்கு போட்டார்கள். என் சின்னப் பாட்டனார் குடும்பத்தில் ஒரு மகன் நீலகிரிக்குப் போனார், ஒரு மகன் ஹட்டன் பக்கமே நின்றார். எஞ்சியவர்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுக் காத்திருப்பு!

நாம் மட்டும் தப்பினோமா? 1957-இல் மெர்டேக்கா வந்தபோது இங்கே குடியுரிமைக்கு வாசல் திறந்தது. ஆனால் மனுப் போடாதவர் எத்தனையோ பேர். 1969-இல் குடியுரிமை இல்லாதவரிடம் வேலைப் பெர்மிட் கேட்டபோது, பலர் மூட்டை கட்டித் தமிழகம் திரும்பினார்கள். என் தகப்பனார் சிவப்புக் கார்டோடு பல ஆண்டுகள் அல்லல்பட்டார்.

கடைசியாகக் கூரை. இங்கேதான் இரு நாடும் ஒன்றாகிவிடுகின்றன. மலைநாட்டு லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே தனிவீடு கட்டும் வேலையே மெல்லத்தான் நடக்கிறது. 2017-இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். நமக்கோ, தோட்டம் துண்டாடப்பட்ட காலத்தில் பேராக்கைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார். தொழிலாளியின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்து அது தோட்டங்களை வாங்கியது. ஆனாலும் பெரும்பாலான தோட்டங்கள் பிறர் கையில்தான் இருந்தன. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது என் தாயாருக்கு வந்த கடிதத்தில் ஒரே வரி: வீட்டைக் காலி செய்க. நாற்பது வருஷம் மங்கு தொட்ட கை, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே நின்றது.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இது. சம்பள நாளன்று கேட்டால், நாம் மேல். ஆனால் வாழ்வை அளக்க வேண்டிய நாள் அதுவல்ல. வேலை நின்ற மறுநாள் காலையில் அளக்க வேண்டும். அன்று கையில் என்ன பத்திரம், சேமநிதியில் என்ன தொகை, தலைக்கு மேல் யாருடைய கூரை? கூரை நமதில்லை என்றால் எந்த நாடும் நல்ல நாடில்லை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால் நாளைக்கே சங்கத்தில் சொல்லுங்கள். சேமநிதிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கணக்குப் பார்க்கத் தெரியாத தோழருக்குக் கிராணிமார்கள் கைகொடுக்க வேண்டும். மூன்றாவது, சம்பள உயர்வைக் கேட்கும் அதே குரலில் சொந்த வீட்டையும் கேளுங்கள். மலைநாட்டிலும் அதே குரல்தான் கேட்கிறது.

ஒரு கூரையில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு நாட்டில் கூரையின்றி மறைந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேண்டாம்.