உளைச்சலும் சொல்லும்



மன உளைச்சலைப் பற்றிப் பேச மொழியியல் படித்தவனை ஏன் அழைத்தார்கள் என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். எங்கள் துறையில் அழுத்தம் என்பது சொல்லின் ஓர் அசையை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிப்பதாகும். அதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. ஆயினும் இப்பொருளில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. மறதிநோயுற்றிருந்த என் அன்னையாரைச் சில ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பேணினேன். அந்நாள்களில் என் உறக்கம் குறைந்தது; இரத்த அழுத்தம் ஏறியது. என்னைப் பார்த்த மருத்துவர் ஒரு தமிழர். "உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று தமிழிலேயே கேட்டார். "ஒரே டென்ஷன்" என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவனிடம் தன் நிலையைச் சொல்ல இருந்தது அந்த ஒரு சொல்தான். அன்று தொடங்கிய தேடலையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

மனத்தின் உளைச்சல் உடலைத் தொடுகிறது என்பதற்குச் சான்று என்ன? அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998 இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கூறுகிறேன். பல் மருத்துவ மாணவர் 11 பேரின் மேலண்ணத்தில் மிகச் சிறிய காயம் இருமுறை ஏற்படுத்தப்பட்டது. ஒருமுறை கோடை விடுமுறையில். மறுமுறை தேர்வுக்கு 3 நாள் முன்னர். மாணவரும் அவரே, காயத்தின் அளவும் அதுவே. எனினும் தேர்வுக் காலத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 3 நாள், அதாவது 40 விழுக்காடு, கூடுதலாகப் பிடித்தது. மறதிநோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேரை ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும் ஆராய்ந்து 1995 இல் எழுதினர். அவர்களுடைய கையில் உண்டாக்கிய சிறு காயம், அத்தகைய சுமை இல்லாத பெண்களுக்கு ஆறியதைவிட ஏறத்தாழ 9 நாள் தாமதமாக ஆறியது. நெடுநாள் உளைச்சலில் அட்ரினல் சுரப்பியிலிருந்து மிகும் கார்ட்டிசோல், காயத்தை ஆற்றவேண்டிய நோயெதிர்ப்புப் பணியை மந்தப்படுத்துவது இதற்கு ஒரு காரணம்.

எனில், அதைச் சமாளிப்பது எவ்வாறு? ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் ஆகிய இருவரும் 1984 இல் எழுதிய நூலில் இருவகை வழிகளைப் பிரித்துக் காட்டினர். சிக்கலையே மாற்ற முயல்வது ஒன்று. சிக்கல் எழுப்பும் உணர்வை ஆற்றுப்படுத்துவது மற்றொன்று. தேர்வுக்குக் கால அட்டவணை இட்டுப் படிப்பது முதல் வகை. நண்பரிடம் மனம்விட்டுப் பேசுவது இரண்டாம் வகை. என் அன்னையாரின் நோயை என்னால் மாற்ற இயலாது. எனக்கு எஞ்சியிருந்தது இரண்டாம் வழி. அதற்குச் சொல் வேண்டியிருந்தது. அதுவோ என்னிடம் இல்லை.

இங்கேதான் மொழி உள்ளே வருகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் உளவியலாளர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நாளுக்கு 15 நிமிடமாக 4 நாள் எழுதச் செய்தார். சிலர் சாதாரணச் செய்திகளையும் வேறு சிலர் தம் வாழ்வின் கசப்பான நிகழ்வுகளையும் எழுதினர். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதிய நாளில் மனம் கனத்துத்தான் போனார்கள். ஆனால், அடுத்த 6 மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடியது மற்றவர்களைவிடக் குறைவு. பின்வந்த ஆய்வுகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் பயன் உண்டு. ஆனால் அது சிறியது. எனவே எழுத்தை மருந்தென்று நான் கூறமாட்டேன். துணை என்றே கூறுவேன்.

அந்த எழுத்துகளில் இருந்த சொற்களையும் ஆய்வாளர்கள் கணினிகொண்டு எண்ணினர். முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் 'ஏனெனில்', 'உணர்ந்தேன்', 'புரிந்தது' என்பன போன்ற சொற்கள் பெருகியவர்களே கூடுதல் பயன் பெற்றனர். சிதறிக் கிடந்த நிகழ்ச்சி காரண காரியத்தோடு ஒரு கதையாக உருப்பெற்றது என இதை விளக்குவர். அவர்கள் எண்ணியவை ஆங்கிலச் சொற்கள். தமிழிலோ 'உறங்காததால்' என்னும் ஒரே சொல்லின் விகுதியில் காரணம் அடங்கிவிடுகிறது. தமிழில் இத்தகைய ஆய்வு செய்ய விரும்பும் மாணவர், தனிச்சொல்லை மட்டுமன்றி விகுதியையும் எண்ண வேண்டும்.

இனி நம் சொற்களைக் காண்போம். கைகால் உளைச்சல் என்கிறோம். மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். உடல்வலிக்கு உரிய சொல்லே மனவலிக்கும் ஆகிறது. எதிர்பாராத செய்தி கேட்டால் பதற்றம். தேர்வறை வாசலில் படபடப்பு. நாளையை எண்ணினால் கவலை. கண்முன் நிற்பதைக் கண்டால் அச்சம். வயிறு கலங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது என்கிறோம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிலை. 'டென்ஷன்' இத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது. ஊடகத் தமிழில் 'மன அழுத்தம்' என்பது உளைச்சலுக்கும் வழங்குகிறது. மனச்சோர்வு என்னும் நோய்க்கும் வழங்குகிறது. இது சிறு பிழையன்று. உளைச்சல் பலருக்கும் வந்துபோவது. மனச்சோர்வோ மருத்துவரின் உதவி தேவைப்படும் நோய். சொல் மயங்கினால் உதவி தாமதமாகும்.

ஆசிரியர்களே, நான் பயிற்றுவித்த நாள்களில் கண்டதைச் சொல்கிறேன். கட்டுரையில் 'துன்பக் கடலில் மூழ்கினேன்' என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவர், தம் வயிறு ஏன் கலங்குகிறது என்பதைத் தமிழில் சொல்லத் திணறுவார். வீட்டில் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி இருந்தால், அவரிடம் அந்தப் பிள்ளை எப்படித் தன் கவலையைச் சொல்லும்? இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் துயரைப் பகிர மொழியில்லாமல் போகிறார்கள். ஆகவே வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஒதுக்குங்கள். மாணவர் தமக்காகத் தமிழில் எழுதட்டும். அதை வாங்காதீர்கள், திருத்தாதீர்கள். பேச்சுத்தமிழும் அதில் வரலாம். எவரேனும் தாமே வந்து பேச விரும்பினால் செவிகொடுங்கள். தேவை கண்டால் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாணவர்களே, அடுத்தமுறை 'டென்ஷன்' என்று நாவில் வரும்போது ஒரு கணம் நின்று, அது கவலையா, அச்சமா, படபடப்பா என்று உங்களையே கேளுங்கள். அன்று என் மருத்துவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "அம்மா என்னை மறந்துகொண்டிருக்கிறார். அதனால் இரவில் நெஞ்சு அடைக்கிறது." எனக்கு இந்த இரண்டு வாக்கியம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அத்தனை காலம் ஆக வேண்டியதில்லை.