குடியை விட ஒரு போன் போதுமா?



தவணை கட்ட முடியாம ஒரு அக்கா தலைகுனிஞ்சு உட்கார்ந்தா, பல நேரம் காரணம் நமக்கே தெரியும். ஆனா அவங்களும் சொல்ல மாட்டாங்க, நாமும் கேட்க மாட்டோம். குடி வீட்டு விஷயம், வெளியே தெரிஞ்சா அசிங்கம். எங்க வீட்டிலும் அதே கதைதான். வைத்தியத்துக்குக் கூப்பிட்டால், "என்னைப் பைத்தியம்னு ஊர் சொல்லணுமா?" என்பார் என் வீட்டுக்காரர்.

இந்தக் கூச்சத்துக்குத்தான் போன் உதவுது. 14416 என்பது டெலி மானஸ் எண். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. காசு கிடையாது, இரவு பகல் எப்பவும் தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கு. குடிக்கிறவர்தான் பேசணும்னு இல்லை, வீட்டில் இருக்கிற நாமும் பேசலாம்.

நான் 14416-இல் பேசினேன். அம்மன் கோயிலில் கயிறு கட்டி நிறுத்திடலாம்னு என் மாமியார் சொல்வதையும் சொன்னேன். அந்த மேடம் அதைக் கேலி பண்ணலை. "கயிறு கட்டட்டும்மா, அந்த நம்பிக்கை அவருக்குப் பலம். ஆனா தினமும் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா கைநடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார். அவர் யார் பேச்சைக் கேட்பார்னும் விசாரிச்சார். என் நாத்தனார் பேச்சைக் கேட்பார். அவங்க கூப்பிட்டதும் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வந்தார். சிகிச்சை முடிஞ்சு கயிறும் கட்டினார்.

இப்போ வரப்பில் தனியா உட்கார்ந்து அவரே போனில் ஆலோசனை கேட்கிறார். முகம் தெரியாதவங்ககிட்ட மனசு விட்டுப் பேச முடியுதாம். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடிச்சார். "இதோட எல்லாம் போச்சுன்னு விட்டுடாதீங்க, மறுபடி டாக்டர்கிட்ட வாங்க" என்றார்கள். போனார்.

சகோதரிகளே, மூணு விஷயம் மனசுல வையுங்க.

குழம்பில் தெரியாம மருந்து கலக்காதீங்க. குடியை நிறுத்தக் கொடுக்கிற சில மாத்திரைகள் உள்ளே இருக்கும்போது குடிச்சா வாந்தி, படபடப்பு வரும், ரத்த அழுத்தம் இறங்கும், உயிர்கூடப் போகலாம். டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிஞ்சுதான் கொடுக்கணும்.

போனில் வர்ற மருந்துச் சீட்டையும் ஆஸ்பத்திரி விவரத்தையும் யாருக்கும் அனுப்பாதீங்க. அவர் மானம் காப்பாத்தினாத்தான் அடுத்த முறையும் வருவார்.

வலிப்பு வந்தா 108. அடி உதைன்னா 181. அதுக்குப் பொறுத்துப் போக வேண்டியதில்லை.

குடியை விட ஒரு போன் மட்டும் போதாது. டாக்டர் வேணும், வீட்டாள் துணை வேணும், நாள் ஆகும். ஆனா ஊருக்குத் தெரியாம முதல் அடி எடுத்து வைக்க அது போதும். அடுத்த கூட்டத்தில் ஒரு அக்கா தலைகுனிஞ்சு உட்கார்ந்தா, தவணையைக் கேட்கும் முன்னாடி இந்த எண்ணைச் சொல்லுங்க.