சாவி யார் கையில்?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாடகக்காரனை மேடையேற்றிவிட்டீர்கள், காட்சி ஒன்று காட்டாமல் இறங்குவேனா?

திண்ணையிலே வீட்டுக்காரர் அமர்ந்திருக்கிறார். வணிகர் ஒருவர் வருகிறார். "ஐயா, புதுக் கதவு போட்டுத் தருகிறேன், காசே வேண்டாம்" என்கிறார். "இருக்கிற கதவு நன்றாக இருக்கிறது, போய் வாரும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்கிறார் வீட்டுக்காரர். பொழுது விடிகிறது. பழைய கதவைக் காணோம். புதுக் கதவு நிற்கிறது! "வேண்டாம் என்றேனே!" என்று பதறுகிறார். வணிகரோ, "கதவைச் சாத்தினீர்கள் அல்லவா? எங்கள் அகராதியில் சாத்தினால் சம்மதம் என்று பொருள்" என்று புன்னகை பூக்கிறார்.

சிரிக்கிறீர்கள். கற்பனை என்று எண்ணிச் சிரிக்கிறீர்கள். கற்பனையல்ல தோழர்களே, 2016ஆம் ஆண்டில் உலகமே கண்ட காட்சி இது! மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 இயங்குதளத்தை, பழைய பதிப்பை வைத்திருந்தவர்களின் கணினியில் ஏற்ற முனைந்தது. அறிவிப்புப் பலகை ஒன்று திரையில் தோன்றும். அதன் மூலையிலே பெருக்கற் குறி. அந்தக் குறிக்கு 'வேண்டாம், மூடு' என்பதுதான் பொருள் என்று சிறு பிள்ளையும் அறியும். ஆனால் அதை அழுத்தியபோது மறைந்தது பலகை மட்டுமே. குறித்த நேரத்தில் மாற்றம் நடந்தேறியது. உறங்கி எழுந்தவர்கள், தம் கணினி தம்மைக் கேளாமலே உருமாறி நிற்கக் கண்டனர்.

கலிபோர்னியாவில் சிறுதொழில் நடத்திய ஒரு பெண்மணி சும்மா இருக்கவில்லை. வழக்கு மன்றம் ஏறினார். 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். தவறிழைத்ததாக நிறுவனம் ஒப்பவில்லை. ஆனாலும் மேல்முறையீட்டைக் கைவிட்டுப் பணத்தைச் செலுத்தியது. அந்த ஆண்டின் இறுதியிலே, நிறுவனத்தின் சந்தைத் துறைத் தலைவரே எல்லை கடந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

அன்று வலிய வந்து கொடுத்த விருந்து விண்டோஸ் 10. இலையில் உட்கார்ந்தவனை, உண்டு முடிக்கும் முன்பே எழுந்திரு என்று சொல்லும் நாளும் வந்தது. 2025 அக்டோபர் 14! அன்றோடு அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தன. கணினி நின்றுவிடவில்லை, உண்மை. ஆனால் திருடன் புது வழி கண்டால், அதை அடைத்துத் தரும் காவற்காரன் போய்விட்டான்.

"விண்டோஸ் 11 இருக்கிறதே, ஏற்றிக்கொள்" என்கிறார்கள். ஏற்றலாம் என்றால் ஏற்றவும் விடவில்லையே! டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். இன்டெல் செயலி என்றால், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டுமாம். அந்த எட்டாம் தலைமுறை பிறந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினி, திரை மங்காமல், விசை தேயாமல், இட்ட பணியைத் தட்டாமல் செய்தாலும், தகுதியற்றது! நோயால் சாகவில்லை, முதுமையால் சாகவில்லை, ஆணையால் சாகிறது!

வட்டாட்சியர் அலுவலக வாசலிலே மனு தட்டச்சு செய்து பிழைப்பவரை எண்ணிப் பாருங்கள். அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினியிலே தேர்வுக்குப் படிக்கும் ஏழை மாணவியை எண்ணிப் பாருங்கள். செல்வனுக்கு இது கடைக்குப் போய்வரும் வேலை. இவர்களுக்கோ கடன், வட்டி, கண்ணீர்!

"மாற்றத்தை எதிர்க்கிறாயா? நீயா பகுத்தறிவுக்காரன்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். மாற்றத்திற்காகவே இயக்கம் கண்டவர்கள் நாம். ஆனால் மாறுவது வேறு, மாற்றப்படுவது வேறு! முன்னது உரிமை, பின்னது அடிமைத்தனம். "பாதுகாப்புக்காகத்தான் புதுச் சில்லு" என்பார்கள். அந்தச் சில்லினால் பயன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பின் மேல் அத்தனை பரிவு கொண்டவர்கள், அச்சில்லில்லாத ஏழையை அறவே பாதுகாப்பற்று விடுவது எந்த நியாயம்? "பத்தாண்டு தந்தோமே" என்பார்கள். 2015இல் ஏற்றியவனுக்குப் பத்தாண்டு. 2020இல் பழைய சில்லுக் கணினியை வாங்கியவனுக்கு ஐந்தாண்டுதானே?

மேலும் ஓராண்டு திருத்தம் வேண்டுமா? 30 டாலர் கொடு; இல்லையேல் உன் கணினியின் அமைப்புகளை எங்கள் கிடங்கில் சேர்த்து வை; இல்லையேல் எங்கள் வெகுமதிப் புள்ளிகளில் 1,000 கொடு என்றார்கள். ஐரோப்பாவிலே நுகர்வோர் அமைப்புகள் பொங்கி எழுந்தன. விளைவு? 2025 செப்டம்பரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி மக்களுக்கு மட்டும் அந்த நிபந்தனைகள் தளர்ந்தன. பணமின்றியே திருத்தம் கிடைத்தது. கேட்டவனுக்குச் சலுகை, கேளாதவனுக்குக் கட்டணம்! ஒன்றுபட்ட குரலுக்குள்ள வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வேறு வழியும் உண்டு. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பழைய கணினியிலும் ஏற்றலாம்; விலையில்லை. அதன் மூலநிரல் மூடுமந்திரமில்லை; கற்றவர் எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, தன் 30,000 கணினிகளை அவ்வழியில் செலுத்துவதாக 2024இல் அறிவித்தது. அண்டை மாநிலமாம் கேரளத்தின் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளிலே பிள்ளைகள் பயில்கிறார்கள். நம் சென்னையிலேயே, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் லினக்ஸ் வகையை உருவாக்கியது.

இடர் இல்லை என்று ஏய்க்க மாட்டேன். ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்சுக்கு மாற்றிய மூனிக் நகராட்சி, 2017இல் பழைய இடத்துக்கே திரும்பத் தீர்மானித்தது. பழகச் சில நாள் பிடிக்கும். அச்சுப்பொறி முரண்டு பிடிக்கும். வழக்கமான மென்பொருள் சில ஓடா. எனினும், கடினமான விடுதலைக்கும் வசதியான விலங்குக்கும் இடையே எதைத் தேர்வது என்று உங்களுக்கு நானா சொல்ல வேண்டும்?

ஆகவே தோழர்களே, ஆணை வந்ததென்று அவசரப்பட்டு நல்ல கணினியைக் குப்பையில் எறியாதீர். இப்படிப்பகம் போன்ற இடங்களில் லினக்ஸ் அறிந்த இளைஞர்கள், வாரம் ஒருநாள் அமர்ந்து பிறருக்குக் கற்றுக் கொடுங்கள். ஐரோப்பியனுக்குக் கொடுத்ததை எங்களுக்கும் கொடு என்று கேளுங்கள். அரசு அலுவலகம் கணினி வாங்கும்போது, எத்தனை ஆண்டு திருத்தம் தருவாய் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

வீடு நம்முடையது, உழைப்பு நம்முடையது, உள்ளே இருக்கும் எழுத்தும் கணக்கும் நம்முடையவை. சாவி மட்டும் இன்னொருவன் இடுப்பில் தொங்குவதா?

கேளுங்கள் தோழர்களே! கேட்டுப் பெறுங்கள்!